வெள்ளியைத் தோண்டப் போற மாப்பிள்ளைக்கு

வாய்யா மருமகனே. கடைவாய்ல இருக்கிற நாலு வெள்ளி அடைப்பையும் ஒரே நாள்ல பிடுங்கி எறியப் போறியாம்ல? உங்க அம்மா போன்ல சொல்லி அழுவுது. எதுக்குய்யான்னு கேட்டா, "அதுல பாதரசம் இருக்கு மாமா, விஷம்"னு ஒரு ரீல்ஸைக் காட்டுற. பேசுறவன் டாக்டரான்னு கேட்டா, "இல்ல மாமா, ஆனா லட்சம் பேரு லைக் போட்டிருக்காங்க"ங்கிற. நல்லது. லட்சம் பேரு லைக் போட்டா உன் பல்லுல சொத்தை வந்துருமா, இல்ல இருக்கிற சொத்தைதான் போயிருமா?

ஆனா அவன் சொன்னதுல பாதி நிஜம். அந்த அடைப்புல எடைக்குச் சரிபாதி பாதரசம்தான். மீதிப் பாதியில வெள்ளி, ஈயத்துக்குப் பங்காளியான வெள்ளீயம், செம்பு, சிலதுல துளி துத்தநாகம். ஊரு என்னமோ வெள்ளின்னு கௌரவமா பேரு வெச்சிருச்சு. பாதரச அடைப்புன்னு சொல்லியிருந்தா நீ அன்னைக்கே நாற்காலியை விட்டு எந்திரிச்சு ஓடியிருப்ப.

எனக்கெப்படித் தெரியும்னு பாக்குறியா? உன் மாமன் பல் ஆஸ்பத்திரியில கம்பவுண்டரா இருந்தவன்ய்யா. இப்ப மாதிரி குப்பியில அளந்து அடைச்சு வராது அன்னைக்கு. கண்ணாடிக் கல்வத்துல பொடியைப் போட்டு, பாதரசத்தை விட்டு, கட்டையால அரைக்கணும். வெண்ணெய்ப் பதத்துக்கு வந்ததும் துணியில வெச்சு முறுக்குனா, மிச்சப் பாதரசம் முத்து முத்தா கீழ சிந்தும். அதைப் பல்லுக் குழியில வெச்சு டாக்டரம்மா அழுத்தையில 'கிரீச், கிரீச்'னு ஒரு சத்தம் வரும் பாரு, நாற்காலியில இருக்கிறவனுக்கு உசுரே போயிரும். வேலையில சேந்த அன்னைக்கே என் தங்க மோதிரத்தைக் கழட்டச் சொன்னாங்க. பாதரசம் பட்டா தங்கம் வெளுத்துப் போகும். மாமனாரு போட்ட மோதிரம் வெளுத்தா உங்க அத்தை என் தலையை வெளுத்திருப்பா. இப்ப கேப்சூல்ல அளவா வருது, மிஷின்ல போட்டா சில விநாடியில கலந்து கொடுத்துருது. துணியும் இல்ல, முறுக்கும் இல்ல. அடைச்ச பக்கம் மட்டும் ஒரு நாள் கடிக்காம இருன்னு சொல்லி அனுப்புறது மாறல.

சரி, பாதரசம் இருக்கு. இருந்தா? அதுக்கு முன்னாடி உன் கழுத்துல கறுப்புக் கயித்துல தொங்குதே, அது என்னய்யா? ரசமணி! சித்தர் வித்தையில கட்டுன பாதரசம்னு சொல்லி, பேரம் பேசாம காசு கொடுத்து வாங்கி மாட்டியிருக்க. கழுத்துல தொங்குனா யோகம், பல்லுல இருந்தா விஷம், அப்படித்தானே? எந்த ரீல்ஸ்காரன் இந்தக் கணக்கைச் சொன்னான்?

அடைப்புக்குள்ள போன பாதரசம், வெள்ளியோடயும் வெள்ளீயத்தோடயும் சேந்து கெட்டியான வேற பொருளா மாறிப் போகும். அதுக்காக ஒண்ணுமே வெளிய வராதுன்னு உன்னை ஏமாத்த மாட்டேன். கொஞ்சூண்டு ஆவி வரும். மெல்லயில கொஞ்சம் கூட வரும். ராத்திரி நறநறன்னு பல்லைக் கடிக்கிறவனுக்கு இன்னும் கொஞ்சம் கூட. உன் பொண்டாட்டி சொல்றதை வெச்சுப் பாத்தா நீ அந்த ஜாதிதான், அதை டாக்டர்கிட்டச் சொல்லி ஒரு கவசம் மாட்டிக்க.

நீ மினமாட்டா, கொடைக்கானல்னு ரெண்டு ஊரு பேரைச் சொல்லி என்னை மிரட்டுற. ரெண்டும் நிஜமான துக்கம், அதுல கேலி இல்ல. ஜப்பான்ல மினமாட்டாவுல ஆலைக் கழிவு கடல்ல கலந்து, மீன்ல ஏறி, அதைத் தின்ன சனங்களுக்கு நரம்பே அத்துப் போச்சு. 1956ல அது வெளிய தெரிஞ்சுச்சு. ஆனா அது மீத்தைல் பாதரசம், மீன் வழியா வயித்துக்குள்ள போனது. நம்ம கொடைக்கானல்ல தெர்மாமீட்டர் ஆலையில பாதரசம் கலந்த உடைஞ்ச கண்ணாடியைப் பழைய சாமான் கடைக்குப் போட்டு, அது வெளிய வந்து, 2001ல ஆலையை மூடுனாங்க. பாதரசம்ங்கிற பேரு ஒண்ணுதான். எந்த வடிவத்துல, எவ்வளவு, எந்த வழியா உள்ள போச்சுங்கிறதுதான் கணக்கு.

அந்தக் கணக்கையும் பாத்திருக்காங்க. 2006ல ரெண்டு ஆராய்ச்சி வெளியாச்சு, எங்க டாக்டரம்மா படிச்சுச் சொன்னது. அமெரிக்காவுல நியூ இங்கிலாந்துப் பக்கம் 534 பிள்ளைங்க, போர்ச்சுகல்ல லிஸ்பன் நகரத்துல 507 பிள்ளைங்க. ஒரு பாதிக்கு வெள்ளி அடைப்பு, மறுபாதிக்கு வெள்ளை அடைப்பு. ஒரு ஊருல அஞ்சு வருஷம், இன்னொரு ஊருல ஏழு வருஷம் கூடவே இருந்து கவனிச்சாங்க. வெள்ளி அடைச்ச பிள்ளைங்களோட மூத்திரத்துல பாதரசம் கூடுதலாத்தான் இருந்துச்சு. ஆனா புத்தியில, ஞாபகத்துல, நரம்புல வித்தியாசம் தட்டுப்படல. அப்ப உனக்கு மறதி எதனாலன்னு கேக்காத. அது உங்க அப்பா வழி.

இந்தச் சண்டையும் உன் ரீல்ஸ்காரன் தொடங்குனது இல்ல. 1833ல கிராக்கோர்னு ரெண்டு அண்ணன் தம்பி நியூயார்க்குல வந்து இறங்கி, ராஜாங்கப் பேரு ஒண்ணை வெச்சு இந்தக் கலவையை வித்தானுங்க. சொத்தையைச் சுரண்டாமக்கூட அப்பிவிட்டுக் காசு பாத்தானுங்க. அதைப் பாத்து அங்கிருந்த பல் டாக்டர் சங்கம் கொதிச்சுப் போயி, "இதைத் தொட மாட்டேன்"னு ஒவ்வொருத்தர்கிட்டயும் கையெழுத்துக் கேட்டுச்சு. கடைசியில சங்கம் உடைஞ்சு, 1856ல இழுத்து மூடுனாங்க. கலவை நின்னுக்கிச்சு. அப்புறம் 1895ல ஜி.வி. பிளாக்னு ஒரு பெரிய மனுஷன் எதை எதை எவ்வளவு போட்டா சுருங்காம விரியாம நிக்கும்னு அளவு கட்டிக் கொடுத்தாரு. உன் பல்லுல நிக்கிறது அவரு வழியில வந்ததுதான்.

"அப்புறம் ஏன் மாமா உலகம் பூரா நிறுத்துறாங்க?" ஆங், இப்பத்தான் படிச்ச பிள்ளை மாதிரி கேக்குற. நிறுத்துறது நிஜம். நார்வேயும் சுவீடனும் எப்பவோ நிறுத்திட்டாங்க. ஐரோப்பிய ஒன்றியத்துல 2025 ஜனவரி ஒண்ணாந் தேதியோட புதுசா அடைக்கிறதுக்குத் தடை. மினமாட்டா ஒப்பந்தம்னு ஒண்ணு 2017ல நடைமுறைக்கு வந்துச்சு, நம்ம நாடும் 2018ல அதுல சேந்துச்சு. 15 வயசுக்குள்ள இருக்கிற பிள்ளைங்க, மாசமா இருக்கிற பொம்பளைங்க, பால் கொடுக்கிற தாய்மாரு, இவங்களுக்கு வெள்ளி வேண்டாம்னு 2022ல அதுலயே முடிவெடுத்தாங்க. முக்கியமான காரணம் என்னன்னா, பல் ஆஸ்பத்திரி சாக்கடையில போறதும், சுடுகாட்டுல எரியிறதும் கடைசியில மண்ணுக்கும் தண்ணிக்கும் மீனுக்கும் போய்ச் சேருதுங்கிறதுதான். நல்ல காரணம். நானே கை தூக்குறேன்.

ஆனா மருமகனே, புதுசா வைக்க வேண்டாம்ங்கிறது ஒரு பேச்சு. நல்லா இருக்கிறதைத் தோண்டி எடுங்கிறது வேற பேச்சு. நீ முதல் பேச்சைக் கேட்டுட்டு ரெண்டாவது வேலைக்குக் கிளம்பிட்ட. அமெரிக்காவுல மருந்துக்கெல்லாம் அனுமதி கொடுக்கிற எஃப்.டி.ஏ. 2020ல சொன்னதை முழுசாக் கேளு. மாசமா இருக்கிறவங்க, ஆகப் போறவங்க, பால் கொடுக்கிறவங்க, சின்னப் பிள்ளைங்க, நரம்பு வியாதிக்காரங்க, கிட்னி கெட்டவங்க, பாதரசம் ஒத்துக்காதவங்க, இவங்களுக்கு முடிஞ்சா புதுசா வைக்காதேன்னு சொன்னாங்க. அதே மூச்சுல, நல்லா இருக்கிற அடைப்பை மருத்துவக் காரணம் இல்லாம எடுக்காதேன்னும் சொன்னாங்க. ஏன்னா, சும்மா கிடக்கிறதைத் தோண்டுறப்பத்தான் ஆவி கூடுதலாக் கிளம்பும். விஷம்னு பயந்து ஓடுறவன் நேரா அந்தப் புகைக்குள்ளயே போயி நிக்கிறது உனக்கு வேடிக்கையாத் தெரியலையா? உன் பொண்டாட்டி இப்ப முழுகாம இருக்காளே, அவகிட்டயும் சொல்லி வை. அவ பல்லுல இருக்கிறது நல்லா இருந்தா, பிள்ளை பிறந்து பால் குடி மறக்கிற வரைக்கும் அது பாட்டுக்குக் கிடக்கட்டும்.

இன்னொரு விஷயம். தோண்டையில வெள்ளி மட்டும் வராது, கூடவே நல்ல பல்லும் கொஞ்சம் வரும். கதவுக் கீல்ல திருகாணி ஆடுதுன்னு கழட்டிக் கழட்டிப் பெரிய ஆணியாப் போட்டுக்கிட்டே போனா, ஒரு நாள் நிலைக்கட்டையே பிளந்து நிக்கும்ல, அந்தக் கதைதான். முதல்ல சின்ன அடைப்பு. மாத்துனா கொஞ்சம் பெரிசு. இன்னொரு தடவை மாத்துனா சுவரு மெலிஞ்சு போகும். அப்புறம் ரூட் கேனால், அப்புறம் கேப், அப்புறம் பல்லு இருந்த இடத்துல காத்து.

வெள்ளைச் சிமெண்டை நான் குறை சொல்லல. பாக்க அழகு, பல்லைக் கம்மியாச் சுரண்டுனா போதும், ஒட்டிக்கிட்டு நிக்கும். ஆனா அது மகா சிணுங்கி. எச்சில் ஒரு சொட்டுப் பட்டாக்கூட ஒட்டாது. ரப்பர் ஷீட்டைக் கட்டி, காய வெச்சு, கொஞ்சம் கொஞ்சமா அப்பி, ஒவ்வொரு படலத்துக்கும் நீல வெளிச்சம் அடிச்சு இறுக்கணும். அவசரக்காரன் கையில மாட்டுனா ஓரம் சுருங்கி, கீழ சொத்தை புகுந்துரும். வெள்ளி அப்படி இல்ல, முரட்டுப் பய. கொஞ்சம் ஈரத்தைப் பொறுத்துக்கும். பல்லுக்கும் அதுக்கும் நடுவுல இருக்கிற மயிரிழைச் சந்துல தானே துருவேறி அடைச்சுக்கும். பத்துப் பதினஞ்சு வருஷம் சாதாரணமா நிக்கும், அதைத் தாண்டியும் நிக்கிறது எத்தனையோ உண்டு.

அப்ப எப்பத்தான் எடுக்கணும்? காதைத் தீட்டிக்க.

அடைப்போட ஓரத்துல புதுச் சொத்தை விழுந்தா எடுக்கணும். எக்ஸ்ரேல வெள்ளி பளிச்சுன்னு வெள்ளையாத் தெரியும், அது பக்கத்துலயோ அடியிலயோ கறுப்பாப் பதுங்கியிருந்தா டாக்டர் சந்தேகப்படுவாரு. அடைப்பு உடைஞ்சா, ஆடுனா, பேந்து விழுந்தா எடுக்கணும். முறுக்கைக் கடிக்கையில, இல்ல கடிச்சு விடையில, 'சுள்'னு ஒரு வலி வந்து போனா, பல்லுல விரிசல் இருக்கலாம், அன்னைக்கே போகணும். ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் அதே சந்துல கறித்துண்டு சிக்கி, ஈறு வீங்கி, நீ கல்யாண வீட்டுல குச்சியும் கையுமா அலைஞ்சா, ஓரம் சரியில்லைன்னு அர்த்தம். அடைப்பு உரசுற கன்னத்துல மட்டும் வெள்ளையா வலை பின்னுன மாதிரித் திட்டு வந்தாக் காட்டணும். சிலருக்கு அந்த உலோகம் ஒத்துக்காது, அவங்களுக்கு மாத்துறதுதான் வைத்தியம்.

எதுக்கு எடுக்கக் கூடாது தெரியுமா? கறுத்துப் போச்சுங்கிறதுக்கு எடுக்கக் கூடாது. நானுந்தான் கறுத்துப் போயிருக்கேன், உங்க அத்தை என்னை மாத்திட்டாளா? ஓரத்துல லேசாப் பள்ளம் தட்டுதுங்கிறதுக்காகவும் வேண்டாம், சொத்தை இல்லேன்னா அது பாட்டுக்கு இருக்கும். சாக்லேட்டுக் காகிதம் பட்டா 'சுர்ர்'னு ஷாக் அடிக்குதுன்னு வேண்டாம், ரெண்டு உலோகமும் எச்சிலும் சேந்தா அப்படித்தான், நீ காகிதத்தைத் திங்காம சாக்லேட்டைத் தின்னு. ஈறுல நீலமா ஒரு புள்ளி இருந்தா பெரும்பாலும் அடைக்கையில சிதறுன துணுக்குதான். ஒரு தடவை டாக்டர்கிட்டக் காட்டி அதுதானான்னு உறுதி பண்ணிக்கிட்டு விட்டுரு. வருஷம் ஆச்சுங்கிறதும் காரணம் இல்ல. தேதி போட்டு விக்கிறதுக்கு அது என்ன பால் பாக்கெட்டா?

நடுவுல ஒரு வழி இருக்கு, அதை யாரும் உங்கிட்டச் சொல்லியிருக்க மாட்டாங்க. ஒரு மூலை மட்டும் உடைஞ்சிருந்தா அந்த மூலையை மட்டும் சரி பண்ணலாம். ஓரம் பிசிறடிச்சா தேச்சு வழவழப்பாக்கலாம். முழுசையும் தோண்டாம ஒட்டுப் போட்டே பல வருஷம் ஓட்டலாம். பில்லுதான் சின்னதா வரும், அதனால அந்தப் பேச்சு நாற்காலி வரைக்கும் வர்றதே இல்ல.

உன்னை மட்டும் கேலி பண்ணுனா பாவம். இன்னொரு கட்சியும் இருக்கு, தலைவி உங்க அத்தைதான். அவளுக்கு மேல் பல்லுல பாதி அடைப்பு பேந்து, பலகாரத்தோட உள்ள போயிருச்சு. "இன்னும் பாதி இருக்குல்ல"ன்னு சொல்லிட்டா. கிராம்புத் தைலத்துல பஞ்சை நனைச்சு வெச்சுக்கிட்டு, ஒரு பக்கமாவே மென்னு, ஆடி போயி, தீபாவளி போயி, பொங்கலுக்கு முகம் வீங்கி உக்காந்தா. ஒட்டுப் போட்டு முடிஞ்சிருக்க வேண்டிய வேலை, ரூட் கேனாலும் கேப்புமா முடிஞ்சுச்சு. நீ நல்ல பல்லைத் தோண்டப் போற, அவ கெட்ட பல்லைக் காப்பாத்தப் பாத்தா. பல்லுக்குத் தெரிஞ்சிருந்தா ரெண்டு பேரு வாயிலயும் முளைச்சிருக்காது.

அதனால டாக்டர்கிட்டப் போ, போகாம இருக்காத. போயி, "மாத்திருங்க"ன்னு வாயைத் திறக்கிறதுக்கு முன்னாடி, "எங்க கெட்டுப் போயிருக்கு, காட்டுங்க"ன்னு கேளு. எக்ஸ்ரேலயோ, வாய்க்குள்ள விடுற கேமராவுலயோ காட்டட்டும். "எடுத்தா எவ்வளவு பல்லு மிஞ்சும்? ஒட்டுப் போட்டா ஆகாதா?"ன்னு கேளு. எடுத்துத்தான் ஆகணும்னா, ரப்பர் ஷீட் கட்டுவீங்களான்னு கேளு. தண்ணியைப் பீச்சிக்கிட்டே, பெரிய உறிஞ்சு குழாயைப் பக்கத்துலயே வெச்சுக்கிட்டு, பொடியா அரைக்காம துண்டு துண்டா வெட்டி எடுக்கிறவருதான் வேலை தெரிஞ்சவரு. கேள்வி கேட்டதும் மூஞ்சி தூக்குறவருகிட்ட நன்றி சொல்லிட்டு எந்திரிச்சு வா. பொறுமையாப் படத்தைக் காட்டி, "இந்தா பாரு, இங்க சொத்தை"ன்னு சொல்றவருகிட்ட, உன் ரீல்ஸ் ஞானத்தையெல்லாம் பையில போட்டுக்கிட்டு, மூடாம வாயைத் திற. சந்தேகமா இருந்தா ஜில்லா ஆஸ்பத்திரி பல் பிரிவு இருக்கு, சென்னையில அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கு. வரிசையில நிக்கணும், அவ்வளவுதான். அங்க உன் பல்லைத் தோண்டுனா யாருக்கும் கமிஷன் கிடையாது.

நாலையும் ஒரே நாள்ல பண்ணா தள்ளுபடின்னு ஒருத்தன் சொன்னானாமே? வளையலுக்குத் தள்ளுபடி கேளு, வேட்டிக்குக் கேளு. கெட்டது ஒண்ணா இருந்தா ஒண்ணை எடு. மத்ததுக்கு வருஷா வருஷம் போயிக் காட்டு.

கடைசியா ஒண்ணு. வெள்ளி ஓரத்துல சொத்தை விழுந்தா அது வெள்ளி செஞ்ச துரோகம் இல்லய்யா. ராத்திரி பதினோரு மணிக்கு ரெண்டு ஸ்பூன் சீனி போட்ட டீயைக் குடிச்சுட்டு, பல் விளக்காமப் படுத்துப் போனை நோண்டுறியே, அதோட வேலை. தங்கத்துல அடைச்சாலும் அந்தச் சொத்தை வரும், வெள்ளைச் சிமெண்டுல அடைச்சா இன்னும் சீக்கிரமா வரும். அடைப்பை மாத்துறதுக்கு முன்னாடி அந்தப் பழக்கத்தை மாத்து. அதுக்கு ஒரு பிரஷ்ஷும் ரெண்டு நிமிஷமும் போதும். யாரும் அதுல சம்பாதிக்க முடியாது, அதனாலதான் அதைப் பத்தி உனக்கு ஒருத்தனும் ரீல்ஸ் போட்டுக் காட்டல.